ஏழு இடங்களில் ஒட்டவில்லை

ஒவ்வொரு வெளியீட்டோடும் ஒரு குறிப்புக் கோப்பு வரும்.
"குழாய் உறைந்து வெடித்ததால் ஒன்பது நாள் தாமதம்.
அச்சிடும் கட்டளை இன்னும் வேலை செய்யவில்லை. மன்னிக்கவும்.
ஸ்டிஸ்லவா பெட்னார்ஷோவா, ஒலொமோட்ஸ்."
எனக்கு அவளைத் தெரிந்தது இவ்வளவில்தான்.

பகலில் நகரக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கு.
இரவில்,
தயாரித்தவர்களே கைகழுவிய ஓர் இயங்குதளத்தில்
அடுத்தவர் எழுதிய எடிட்டரைக் குடிவைக்கும் வேலை.
பதினோரு வருடம்.

குடிவைப்பது லேசில்லை.
அங்கே வரி முடிய ஒரு குறி, இங்கே இரண்டு.
அங்கே சாய்கோடு வலப்பக்கம் சாயும், இங்கே இடப்பக்கம்.
அங்கே சாளரம் கேட்டால் கிடைக்கும்.
இங்கே மூன்று முறை கேட்க வேண்டும்,
மூன்றாவது முறை
கேட்காதது போலக் கேட்க வேண்டும்.

பயனர்கள் நால்வர்.
அவள் ஒருத்தி.
ஜாக்ரெப்பில் பழைய இயந்திரங்கள் சேர்க்கும் ஒரு பையன்.
ஹானுஷோவிட்சே ரயில் நிலையத்தில் போர்ஷிவோய்,
சிக்னல் அறையின் இரவுக் குறிப்பேட்டை அதில்தான் எழுதுகிறார்:
"4.10 சரக்கு வண்டி இருபது நிமிடம் தாமதம். காரணம்: மான்."
நான்காமவர்
எந்த வெளியீட்டையும் முதல் நாளே இறக்கிக்கொள்பவர்,
இதுவரை ஒரு சொல் எழுதியதில்லை.
அது நான். பாசலில் இருக்கிறேன்.
வெட்கம்தான், வேறு காரணமில்லை.

மார்ச்சில் த்ரோண்ட்ஹெய்மிலிருந்து தோர்கெய்ர்,
மூல நிரலின் பொறுப்பாளர்,
அவளுடைய இரண்டாயிரத்து முந்நூறு வரிகளை
ஒரே காலையில் நீக்கினார்.
நல்ல மனிதர். மரியாதையாகவே சொன்னார்:
"யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை."

அவள் சண்டைக்குப் போகவில்லை.
நால்வர் என்று சொல்லக் கூசியிருக்கலாம்.
நீக்கியதையெல்லாம் ஒரே ஒட்டாகச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.
இனி ஒவ்வொரு முறையும்
தண்டைச் சீவி, ஒட்டைப் பொருத்தி, கட்டி,
துளிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும்.
ஏப்ரல் குறிப்பில்: "ஏழு இடங்களில் ஒட்டவில்லை."
மேயில்: "மூன்று."
ஜூனில்: "பதினொன்று.
தோர்கெய்ர் வீட்டைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறார்."

ஜூலையில் போர்ஷிவோயின் புகார்.
தன் பெயரில் ஒரு தட்டு பின்னழித்தால்
எழுத்து போவதில்லை,
அதன் தலையிலிருந்த கொக்கி மட்டும் போகிறது.

செக் மொழியில் ஓர் எழுத்து உண்டு,
றகரத்தை உருட்டிக்கொண்டே ஷகரத்தை ஊதுவது போல.
பார்வைக்கு அது ஒன்று.
எடிட்டருக்கு இரண்டு.
நமக்குப் புரியும்:
கொம்பை மட்டும் தின்றுவிட்டுக்
"கோ"வைக் "கா" ஆக்கும் கோளாறு.

"ஷிஃப்டு முடிவில் பெயரைப் போடுகிறேன்,
போட்டது வேறு எவனோ" என்றிருந்தார்.

பதினாறு இரவு தேடினாள்.
அவள் வரிகளில் பிழை இல்லை.
அது மூலத்திலேயே இருந்தது, ஆண்டுக்கணக்காக.
மற்ற தளங்கள் எழுத்தையும் கொக்கியையும்
முன்னமே பற்றவைத்துக் கொடுத்துவிடும்.
அவளுடையது மட்டும்
ஒரு கையில் இதை, மறு கையில் அதை நீட்டும்.

முப்பத்தொரு வரி. தோர்கெய்ருக்கு அனுப்பினாள்.
அன்று மாலையே சேர்த்துக்கொண்டார்.
"நன்றி. கூர்மையான கண்."
மார்ச் பற்றி அவரும் எழுதவில்லை, அவளும் கேட்கவில்லை.

போர்ஷிவோய் எழுதினார்:
"பெயர் சரியாகிவிட்டது. நேற்றும் மான்."

இதையும் அந்த எடிட்டரில்தான் எழுதுகிறேன்.
தமிழில் அவர் கொக்கிக்கு இடமில்லை.
ர் என்றும் ஷி என்றும் பிளந்துதான் எழுத வந்தது.
அவள் பெயரிலும் அதே விரிசல்.
அதற்கு ஒட்டு என்னிடம் இல்லை.

செப்டம்பர் வெளியீட்டை இறக்கியாயிற்று.
"ஒன்பது இடங்கள். அச்சு இன்னும் வரவில்லை."
அவளுக்கு எழுதலாம் என்று
"அன்புள்ள" வரைக்கும் போனேன்.
பின்னழித்தேன்.
எழுத்தெழுத்தாக, கொம்பு குறி எதுவும் மிஞ்சாமல்,
மிகச் சரியாக அழிந்தது.